மெர்சோவிலிருந்து வந்த நாற்பது பெட்டி

நான் குடிக்கிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வைன் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இரசாயனப் பரிசோதகராக இருந்தேன் என்று சொன்னவுடனே எங்கள் சனத்தின் முகத்தில் ஒரு விதமான சிரிப்பு வரும். "அப்ப ருசி பாக்கிறதும் நீங்களோ?" என்று கேட்பார்கள். ஓம், நானேதான். மணப்பேன், ஒரு மிடறு வாயில் வைத்துக் கொப்பளிப்பேன், பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்புவேன். என் நாக்கில் இறைச்சி பட்டதில்லை, சிகரெட் புகை பட்டதில்லை, விஸ்கி பட்டதில்லை. அதனால்தான் அது ஒழுங்காக வேலை செய்தது. இது கேட்டவர்களுக்கு விளங்காது. விளங்கப்படுத்த நானும் மினக்கெடவில்லை.

1976ஆம் ஆண்டு. நானும் என் கணவர் சிவபாலனும் மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு ரயில்வேயில் வேலை. பேராதனையில் இரசாயனம் படித்த எனக்கு ரிச்மண்டில் மிஸ்டர் ஆஷ்பி என்பவருடைய வைன் கிடங்கில் போத்தல் கழுவுகிற வேலை கிடைத்தது. ஒரு வருடம் கழுவினேன். வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி ஊறி விரல் நுனியில் தோல் உரிந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். பிறகு அங்கிருந்த பரிசோதகர் வேலையை விட்டுப் போக, வேறு ஆள் கிடைக்காமல், ஆறு மாதம் பார்க்கலாம் என்று ஆஷ்பி என்னை மேலே எடுத்தார். மார்ச் முதலாம் திகதி அந்த ஆறு மாதம் முடியும். அன்றைக்கு ஒன்றில் நிரந்தரம், இல்லாவிட்டால் பழையபடி வெந்நீர்.

அந்தக் காலத்து ஆஸ்திரேலியர்களின் வைன் ஞானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெள்ளையாக எது இருந்தாலும் அதற்கு ஏதாவது ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரை ஒட்டிவிடுவார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய ஜாடிகளில் வாங்குவார்கள், புதிதாக வந்திருந்த குழாய் வைத்த மட்டைப் பெட்டியில் வாங்குவார்கள். வெயிலுக்குக் குளிராக ஏதாவது தொண்டையில் இறங்கினால் சரி. அதில் ஒரு தவறும் இல்லை. தாகத்துக்குக் குடிக்கிறவனை நான் ஒருநாளும் இளக்காரமாகப் பார்த்ததில்லை.

இளக்காரம் எல்லாம் மற்றவர்கள் மீதுதான். இரண்டு தரம் பிரான்ஸுக்குப் போய் வந்துவிட்டு, கழுத்தில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு, கிளாஸைத் தண்டில் பிடித்து ஆட்டி, கண்ணை மூடி, "ஆ…" என்று சொல்கிறவர்கள். ஆஷ்பியின் நல்ல வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். மாதம் ஒருமுறை கிளப் என்று கூடுவார்கள். அவர்களுக்குத் தெய்வம் மாதிரி இருந்தது மெர்சோ.

மெர்சோ என்பது பிரான்ஸில் பர்கண்டிப் பக்கம் ஒரு கிராமம். நடந்து பார்த்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். சுற்றிவரச் சரிவில் ஷார்டனே என்கிற வெள்ளைத் திராட்சை. அந்தப் பழத்திலிருந்து அவர்கள் எடுக்கிற வைனை நான் முதன்முதலாக மணந்த அன்று, என் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யப் பார்த்தேன்: விழுங்கப் பார்த்தேன். புது வெண்ணெயும் வறுத்த முந்திரிக் கஜுவும் ஒன்றாக வந்ததுபோல ஒரு மணம். அதற்குக் கீழே எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற கூர்மை. துப்பிய பிறகும் நாக்கின் இரண்டு பக்கத்திலும் வெகுநேரம் நின்றது. நல்ல பொருள் என்றால் நல்ல பொருள்தான். அதை உண்டாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதை வாங்கி ஆட்டி ஆட்டிக் கதை சொன்னவர்கள் மேல்தான் வரவில்லை.

அந்த வருடம் ஜனவரியில் ஆஷ்பி மெர்சோவிலிருந்து நாற்பது பெட்டி இறக்கினார். பெட்டிக்குப் பன்னிரண்டு போத்தல். கப்பல் வந்த நேரம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். இரும்புக் கொள்கலன் வெட்டவெளியில் பதினொரு நாள் கிடந்தது. அந்தப் பதினொரு நாளும் வெளியே நின்றால் தார் செருப்பில் ஒட்டுகிற வெயில். கொள்கலன் வந்து சேர்ந்து, நான் முதல் பெட்டியைத் திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது. தக்கைகள் மேலே தள்ளி, அவற்றை மூடியிருந்த தகடு உப்பியிருந்தது. சில போத்தல்களின் கழுத்தில் பிசுபிசுப்பு. கிளாஸில் ஊற்றினால் வைக்கோல் நிறம் போய்த் தேயிலைச் சாயம். மணந்தால் அடிபட்ட அப்பிள், அதோடு சிக்கு வாடை பிடித்த பழைய கொட்டை. அயடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கந்தகத்தைப் பார்த்தேன். வைனைக் கெடாமல் வைத்திருப்பது அதுதான். மாக்கரைசல் கலந்த வைனில் கந்தகம் தீர்ந்தால்தான் நீலம் வரும்; ஏழாவது சொட்டிலேயே வந்துவிட்டது. கந்தகம் அநேகமாக இல்லை. பெட்டிக்கு ஒரு போத்தல் வீதம் நாற்பதையும் சோதித்து, அப்பிள், பழைய கொட்டை என்று மணத்தையும் குறித்து, "வெப்பத்தால் கெட்டுவிட்டது. விற்கக்கூடாது" என்று கீழே எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

ஆஷ்பி அதைப் படித்தார். ஒரு கிளாஸை மணந்தார். அவருடைய மூக்கு முப்பது வருடச் சுருட்டுப் புகையில் பதப்பட்ட மூக்கு. எதை மணந்தாலும் அதற்குச் சுருட்டுத்தான் மணக்கும்.

"யோகராணி, நீங்கள் வைன் குடிப்பதில்லை, அல்லவா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மெர்சோ என்றால் கொஞ்சம் பருத்த வைன். பழக்கம் இல்லாதவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்."

ஆறு மாதத்தில் மூன்று மெர்சோ என் கையால் போயிருந்தது, மூன்றும் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அயடினுக்குக் குடிக்கிறவளும் தெரியாது, குடிக்காதவளும் தெரியாது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். நாற்பது பெட்டியில் பெரும் பகுதி ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்பது அவர் சிரித்த விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை கிளப்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஊற்றுவோம். நான் வாயைத் திறக்கக்கூடாது, முகத்திலும் ஒன்றும் காட்டக்கூடாது. யாராவது ஒருவர் பிழை என்று சொன்னால் என் அறிக்கை நிற்கும், நாற்பது பெட்டியும் திருப்பி அனுப்பப்படும், எனக்கும் நிரந்தரம். ஒருவரும் சொல்லாவிட்டால், "விற்பனைக்கு உகந்தது" என்று புதிதாக ஒன்று எழுதித் திங்கட்கிழமை நான் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் கீழே பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மார்ச் முதலாம் திகதி.

நான் ஒப்புக்கொண்டேன். கிளப்பில் இருந்த பதினான்கு பேரில் ஒருவனுக்காவது மூக்கு இருக்காதா என்று நினைத்தேன். அவர்களை அவ்வளவு இளக்காரமாக நினைத்த நான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை நம்பிப் போனேன்.

அந்தப் பதினான்கில் ஒருவர் எங்கள் ஆள். டொக்டர் கேதீஸ்வரன். லண்டனில் மேற்படிப்புப் படித்து, அங்கிருந்து நேரே மெல்பேர்ணுக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருதய நிபுணர். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர் என்பதால், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தன்னைக் கேட்டுத்தான் மூச்சு விடவேண்டும் என்ற நினைப்பு அவருக்கு. அவர் எடுப்பைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். பொங்கலுக்குப் பத்துக் குடும்பம் கூடினால், காருக்குள்ளிருந்து துணியில் சுற்றிய தன் சொந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு வருவார். அதில் ஒறேஞ் பார்லியை ஊற்றினாலும் ஒருமுறை சுழற்றிப் பார்த்துத்தான் குடிப்பார். ஒருமுறை நல்ல மெர்சோ நான்கு போத்தல் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் ஆண்களுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும்: சோறு வரும்வரை குடிப்பது, சோறு வந்தால் நிறுத்துவது. கராஜுக்குள் நின்று ஐஸ் போட்டு, செவன் அப் கலந்து, மிளகாய் போட்ட கச்சான் கடலையோடு நான்கு போத்தலையும் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "விஸ்கி இல்லையோ?" என்று கேட்டார்கள். டொக்டரின் முகத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கத்தையும் பார்த்து நான் சிரித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கிளப் கூடியது. தக்கைகளை யாரும் பார்க்காதபடி ஆஷ்பி வைனைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றச் சொன்னார். குடுவைகளை ஐஸுக்குள் புதைக்கச் சொன்னார். குளிர் கூடினால் மணம் அடங்கிவிடும். அந்தளவு அவருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நான் ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு போனேன். என் பக்கம் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு ஆட்டினார்கள். மூக்கை விட்டார்கள். ஒருவர் கண்ணை மூடினார். இன்னொருவர் சிறு கொப்பியில் என்னவோ எழுதினார், எழுதிவிட்டுப் பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் விடை தெரியாத பிள்ளைகள் இருக்கிற மாதிரி இருந்தார்கள். எல்லோர் கண்ணும் மெல்ல மெல்ல டொக்டர் கேதீஸ்வரன் பக்கம் போனது. அவர்களில் மெர்சோவுக்கே போய், கிடங்குகளில் இறங்கிக் குடித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். கறுப்பன் என்று எட்டு வருடம் அவரைக் கிளப்பில் சேர்க்காமல் வைத்திருந்தவர்கள், இப்போது அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து அணைத்துப் பிடித்தார். அதுவும் ஒரு நாடகம் என்று நினைத்தேன். ஒருமுறை மணந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி மணந்தார். சொல்லு ஐயா, சொல்லித் தொலை என்று மனத்துக்குள் கத்தினேன்.

"வறுத்த ஹேஸல் கொட்டை," என்று தொடங்கினார். "தேன். நன்றாகப் பழுத்த வைன். வயதைவிட முதிர்ச்சி கொஞ்சம் கூட, ஆனால் அதுவே ஒரு அழகு. மெர்சோவின் குணம் அப்படியே இருக்கிறது. நான் மூன்று பெட்டி எடுத்துக்கொள்கிறேன்."

உடனே பதின்மூன்று தலையும் ஆடியது. தேன், ஓம் தேன். கொட்டை, நிச்சயமாகக் கொட்டை. கொப்பிக்காரர் எழுதியதை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினார். ஐந்து நிமிடத்துக்குள் நாற்பது பெட்டியும் போய்விட்டது. ஆஷ்பி என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று முழுவதும் டொக்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மூக்கு இல்லாத மனிசன், சோளக்கொல்லைப் பொம்மை, வெள்ளைக்காரனுக்குப் பந்தம் பிடிக்கிற ஆள். சிவபாலன் சொன்னார், "சும்மா கத்தாதையும். நாளைக்கு நேரில போய்க் கேளும்." அவர் சொன்னது அந்த ஒருமுறை சரியாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு க்ளென் வேவர்லியில் டொக்டருடைய வீட்டுக்குப் போனேன். சிவபாலன் காருக்குள்ளேயே பேப்பரை விரித்துக்கொண்டு இருந்துவிட்டார். டொக்டருக்கு முன்னால் இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றையாவது ஒழுங்காக மணந்து பார் என்று சொல்லுவதுதான் என் திட்டம்.

கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் முகம் எல்லாம் பல்லாகிவிட்டார்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ! எப்பிடி, நேற்று நான் உங்களைக் காப்பாத்தினது?"

"என்னத்திலையிருந்து டொக்டர்?"

"அதை வாசல்ல நிண்டு கதைக்கிறதே? இருங்கோ." கதிரையை இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார். "முதல் மணத்திலேயே பிடிச்சிட்டன். வெக்கையில கிடந்து அவிஞ்ச வைன். ஐஸுக்குள்ள கிடந்து மணம் அடங்கியிருந்துது, நான் கையால சூடாக்கிப் பாத்தன், அப்பிள் அழுகின மணம் குப்பெண்டு வந்துது. ஆர் இதுக்குப் பொறுப்பெண்டு நிமிர்ந்து பாத்தா, நீங்கள் வெள்ளைக் கோட்டோட நிக்கிறியள். முகம் பேயறைஞ்ச மாதிரி. அப்பவே விளங்கிட்டுது. பிள்ளை என்னவோ பிழை விட்டிட்டுது, எங்கையோ வெயிலுக்குள்ள வச்சிட்டுது. வாயைத் திறந்தனெண்டா உங்கட வேலை போயிடும். எங்கட பிள்ளை ஒண்டு இந்தளவுக்கு வந்திருக்கு, நானே அதைக் கெடுக்கிறதே?"

என் பையில் போத்தல் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த அறையில் எனக்குச் சமமாக ஒரு மூக்கு இருந்திருக்கிறது. நான் எழுதிய அதே சொற்களை அந்த மூக்கு கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டு, அந்தப் பிழை என்னுடையதாகத்தான் இருக்கும் என்றும் முடிவு கட்டியிருக்கிறது. நான் சரியாக இருந்திருக்கலாம் என்ற யோசனை அந்தப் படித்த மண்டைக்குள் ஒரு நொடிகூட வரவில்லை.

"டொக்டர், அது கெட்டுப்போச்செண்டு எழுதிக் குடுத்ததே நான்தான்."

முழுக்கதையையும் சொன்னேன். துறைமுகம், அயடின், ஆஷ்பியின் தீர்ப்பு, திங்கட்கிழமை. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "ஐயோ பிள்ளை," என்றார். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதெண்டுதானே பந்தயம்."

"கண்ணாலயாவது காட்டியிருக்கலாம்."

"நான் ஒண்டும் காட்டயில்லை. நீங்களாத்தான் படிச்சனீங்கள்." எனக்குக் குரல் ஏறியது. "இப்ப ஒண்டும் கெட்டுப்போகயில்லை டொக்டர். நாளைக்குக் காலமை ஆஷ்பிக்கு ஒரு போன் பண்ணுங்கோ. திருப்பி யோசிச்சுப் பாத்தன், வைன் பிழையெண்டு சொல்லுங்கோ. உங்கட சொல்லெண்டா கேப்பார்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே புல்லுக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னெண்டு சொல்லுறது? சனிக்கிழமை ஒண்டு, திங்கக்கிழமை ஒண்டோ? பிள்ளை, உங்களுக்குத் தெரியாது. அவங்கள் என்னை உள்ளுக்கு எடுக்க எட்டு வருசம். ஒருக்கா நாக்குப் பிழைச்சா, செத்தாலும் அதைத்தான் சொல்லுவாங்கள். கறுவலுக்கு என்ன தெரியும் எண்டுவாங்கள்."

"எனக்கு அதைத்தான் இப்ப சொல்லுறாங்கள்."

அவர் அதைக் கேட்காதவர் மாதிரித் திரும்பினார். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "சரி, நீங்கள் கையெழுத்து வச்சா வேலை நிரந்தரம்தானே? வச்சுவிடுங்கோவன். குடிச்சு ஒருத்தரும் சாகப்போறேல்லை. அவங்களுக்குக் கழுதைமூத்திரத்தைக் குடுத்தாலும் தேனெண்டுதான் சொல்லுவாங்கள்."

அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றி நானும் அவரும் ஒரே கருத்துத்தான் வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பட்டுத் துணிக்குக் கீழே என்னுடைய இளக்காரம் அப்படியே இருந்தது. எனக்குக் கூசியது.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி விஜயா அக்கா குசினியிலிருந்து தேத்தண்ணியும் கஜுவும் ரவையும் போட்டுச் செய்த லவ் கேக்கும் கொண்டுவந்தா. கேக் தட்டு மேசைக்கு வருமுன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த கஜு. எத்தனை மாதம் அலுமாரியில் கிடந்ததோ, சிக்கு வாடை பிடித்திருந்தது. ரோஸ் எசென்ஸை அள்ளி ஊற்றியும் அந்த வாடை போகவில்லை. டொக்டர் ஒரு துண்டை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். அந்த மூக்கு, அந்த நாக்கு. மனைவியைப் பார்த்து, "இண்டைக்கு நல்லா வந்திருக்கு," என்றார்.

"யோகராணி, நீர் சொல்லும். இந்தாள் எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லும்," என்றா விஜயா அக்கா. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. ஏதோ சரியில்லை என்று அவவுக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும்.

கடித்தேன். மென்றேன். வாளி இல்லை, விழுங்கினேன்.

"நல்லாயிருக்கு அக்கா," என்றேன்.

சிரமமே இல்லாமல் வந்தது. யோசிக்கவில்லை, மனம் ஒருமுறைகூட இடறவில்லை. அவ சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு துண்டு வைத்தா. அந்த இரண்டையும் தின்றேன். டொக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த கஜு எப்படி இருந்தது என்று தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

வாசலில் விடைபெறும்போது, "நாளைக்கு ஒருக்காப் போன் பண்ணிப் பாக்கிறன் பிள்ளை," என்றார். எங்கள் ஆட்கள் "பாக்கிறன்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? போத்தலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை ஆஷ்பியின் அறைக்கு வெளியே என் மேசையில் இருந்தபடி போன் மணியையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அடித்தது, தக்கைக் கம்பெனி. பத்தரைக்கு அடித்தது, ஆஷ்பியின் மனைவி. பன்னிரண்டு மணிக்கு ஆஷ்பி கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவரே தட்டச்சுச் செய்திருந்தார். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. அதில் மட்டும் கவனம் எடுத்திருந்தார்.

கீழேயிருந்து கண்ணாடி உரசுகிற சத்தமும் சோடா மணமும் மேலே வந்துகொண்டிருந்தன. வியட்நாமியப் பெண் ஒருத்தி, போன வாரம்தான் சேர்ந்தவள், கையை உதறிக்கொண்டு நின்றதைப் படியில் கண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வேறு ஒரு காரணமும் நான் சொல்லப்போவதில்லை. கொள்கை, குடும்பம், நாட்டுக்குப் புதிது என்றெல்லாம் கதை கட்டலாம். பயம், அவ்வளவுதான். கையெழுத்து வைத்தேன். ஆஷ்பி என் தோளில் தட்டி, "பழகிவிடும்," என்றார்.

ஏப்ரலில் வருசப்பிறப்புக்குத் தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் சனம் கூடியது. அங்கே டொக்டர் கேதீஸ்வரன் நடுவில் நின்று, ஒரு தமிழ்ப் பிள்ளையின் உத்தியோகத்தைத் தான் ஒரே ஒரு சொல்லால் எப்படி நிரந்தரமாக்கினார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைன் கெட்டுப்போன பகுதியை விட்டுவிட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நன்றி சொல்லவேண்டும் என்று காத்திருந்தார்கள். சொன்னேன். சிவபாலன் மட்டும் பாயசக் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது பெட்டி, நானூற்று எண்பது போத்தல். நான் சோதிக்கத் திறந்த நாற்பதையும் சனிக்கிழமைக் குடுவையில் போனதையும் கழித்தால் நானூறுக்கு மேல் மிச்சம். அவ்வளவும் மெல்பேர்ணின் பெரிய வீடுகளில் குடிக்கப்பட்டது. ஒருவனும் திருப்பிக் கொண்டுவரவில்லை. கிளப்பின் செய்தித்தாளில் அதைப் புகழ்ந்து அரைப்பக்கம் வந்தது. அடுத்த கப்பலுக்கு அப்போதே பெயர் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தேன். ஒரு முட்டாளாவது ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டானா என்று ஏங்கினேன்.

மே மாதக் கடைசியில் ஒருத்தி வந்தாள். மழைக்கோட், தலையில் பிளாஸ்டிக் முக்காடு, கையில் துணிப்பை. ஐம்பது வயது இருக்கும். புருஷன் டிராம் ஓட்டுகிறவன். அவன் டிராமில் தினமும் வருகிற கிளப்கார வழக்கறிஞர் ஒருவர், அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்று ஒரு போத்தலைக் கொடுத்திருக்கிறார். புகார் என்றால் பரிசோதகரிடம் அனுப்பு என்பது ஆஷ்பியின் புது ஒழுங்கு. அவளை என் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அவள் கதிரையில் இருக்கவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்தாள். தக்கையைத் திருப்பிச் செருகி, மேலே ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தாள். முக்கால்வாசி வைன் அப்படியே இருந்தது.

"நான் வைன் குடித்துப் பழகியவள் இல்லை," என்றாள். "ஆனால் இது பிழை என்று நினைக்கிறேன். பிள்ளையின் பள்ளிப் பையில் மறந்துபோய்க் கிடந்த அப்பிள் மாதிரி மணக்கிறது. அதோடு பழைய கொட்டை. என் கணவர் நல்லாயிருக்கிறது, குடி என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை."

ஆஷ்பியின் அறைக் கதவு திறந்திருந்தது. சுருட்டுப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. என் மேசை லாச்சிக்குள், நான் கிழித்தெறிய மனமில்லாமல் வைத்திருந்த முதல் அறிக்கையில் இந்தப் பெண் சொன்ன இரண்டும் எழுதியிருந்தன. நாற்பது பெட்டிக்கும் மெல்பேர்ண் முழுவதற்கும் பிழை என்று வந்து சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் கையைப் பிடித்து, ஓம் அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி என்று சொல்லவேண்டும்போல் இருந்தது.

"இல்லை மெடம்," என்றேன். "அந்த ஊர் வைன் அப்படித்தான் இருக்கும். பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, வெட்கம். ரப்பர் வளையத்தை இழுத்துச் சரி பார்த்து, போத்தலைக் கவனமாகப் பைக்குள் வைத்தாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றாள். "உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்குப் போய் ஒழுங்காகக் குடித்துப் பார்க்கிறேன்."